அப்பா அம்மாவோட ரோன் ஆத்துல எட்டு நாள்

போன அக்டோபர்ல அப்பா அம்மாவ கூட்டிக்கிட்டு பிரான்ஸ்ல ரிவர் க்ரூஸ் போயிட்டு வந்தேன். லியோன்ல ஏறி, சோன் ஆத்துல வடக்க ஷாலோன் வரைக்கும் போய், திரும்ப லியோன் வந்து, அங்கேர்ந்து ரோன் ஆத்துல தெக்கால இறங்கி அவிஞோன், ஆர்ல் வரைக்கும், மொத்தம் ஏழு ராத்திரி எட்டு பகல். வந்ததுலேர்ந்து சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட இருக்கவங்கன்னு பத்து பேராவது கேட்டுட்டாங்க, வயசானவங்கள கூட்டிட்டுப் போலாமா, குடிக்கவே மாட்டாங்களே ஒயின் ஊருக்குப் போயி என்ன பண்ணாங்க, முட்டி வலிக்கு சரிப்பட்டு வருமான்னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் பாதி பாதியா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதிடுறேன்.

முதல்ல யாரு போனாங்கன்னு சொல்லிடுறேன், ஏன்னா அத வச்சுத்தான் மத்ததெல்லாம். அப்பாவுக்கு 71 வயசு, சுருளிப்பட்டி பக்கம் நாப்பது வருஷமா பன்னீர் திராட்சை போடுறவர். அம்மா கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, முப்பது வருஷம் நின்னே வேலை பாத்ததுல ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. எங்க கம்பம் பள்ளத்தாக்குக்கு திராட்சைய ஒரு பிரெஞ்சு பாதிரியார்தான் கொண்டு வந்தார்னு ஊர்ல சொல்லுவாங்க, அப்பா அத சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்தவரு, ஒரு தடவையாவது அந்த ஊரு தோட்டத்த பாக்கணும்னு எப்பவாவது வாய்விட்டுச் சொல்லுவார். அதான் ஆரம்பம்.

பஸ் டூரா, கப்பலான்னு ரொம்ப யோசிச்சேன். பத்து நாள்ல ஆறு நாடுன்னு போற பஸ் டூர்ல தினம் காலைல ஆறு மணிக்கு பெட்டி கட்டணும், தினம் வேற ஹோட்டல், வேற பாத்ரூம். ரிவர் க்ரூஸ்ல பெட்டிய ஒரு தடவ பிரிச்சா போதும், ராத்திரி நாம தூங்கறப்ப கப்பல் நகந்துடும், காலைல எந்திரிச்சா வேற ஊரு, அதுவும் ஊருக்கு நடுவுலயே படித்துறை மாதிரி நிக்கும். கடல் கப்பல் மாதிரி ஆட்டம் கிடையாது, அம்மாவுக்கு பஸ்ல போனாலே தலை சுத்தும், இங்க ஒரு நாள் கூட சுத்தல. முட்டி வலிக்காரங்களுக்கு ஒரு பெரிய நிம்மதி, முடியலன்னா அன்னிக்கு கப்பல்லயே மேல் தளத்துல உக்காந்து ஆத்தப் பாத்துட்டு இருக்கலாம், எதையும் விட்ட மாதிரியே இருக்காது, கரை பூராம் ஊரும் தோட்டமும் நகந்துக்கிட்டே இருக்கும்.

பிரான்ஸ்லயே எந்த ஆறுன்னு பாக்கணும். சென் ஆறு பாரிஸ்லேர்ந்து நார்மண்டி பக்கம் போகுது, அது ஓவியம், சர்ச், போர் நடந்த கடற்கரைன்னு வேற மாதிரி. போர்டோ பக்கம் போனா பெரிய பெரிய ஒயின் மாளிகைகள், ஆனா அந்த ஒரு ஏரியாவையே சுத்தி வரும். ரோன்-சோன் ரூட்ல ஒரே வாரத்துல பர்கண்டி, லியோன், ரோமன் காலத்து ஊருங்க, போப் இருந்த ஊருன்னு வந்துடுது, மண்ணும் வெயிலும் கூட வடக்கேர்ந்து தெக்க மாறிக்கிட்டே போறது கண்ணுக்குத் தெரியுது. எனக்கு இதுதான் சரியாப் பட்டுச்சு, இப்பவும் அதான் சொல்வேன்.

விசா பத்தி சுருக்கமா. ஆறு மாசத்துக்கு முன்னாடியே அப்ளை பண்ணலாம், கடைசி நேரத்துல அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. பெரியவங்களுக்கு ஆளுக்கு 90 யூரோ ஃபீஸ், சென்டர்ல வாங்கற சர்வீஸ் சார்ஜ் தனி. டிராவல் இன்சூரன்ஸ்ல மருத்துவச் செலவு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும், ஆனா வயசானவங்களுக்கு ஏற்கனவே இருக்க வியாதி கவர் ஆகுதான்னு தனியா கேட்டு வாங்குங்க. அப்பாவுக்கு சம்பளச் சீட்டும் கிடையாது, ஐடி ரிட்டர்னும் கிடையாது, அதனால பட்டா, சிட்டா ரெண்டையும் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து, பேங்க் ஸ்டேட்மென்ட் வச்சு, நான் செலவு ஏத்துக்கறேன்னு லெட்டர் கொடுத்தோம். அம்மாவுக்கு பென்ஷன் ஆர்டர். ஒரு கேள்வியும் வரல.

இனிமே எங்களுக்கு நடந்த ஒரு தப்ப சொல்றேன், இத மட்டும் நல்லா கவனிங்க. ஒரு ஏஜென்ட் மூலமாதான் புக் பண்ணோம், அம்மாவுக்கு முட்டி வலி, நடு தளம் வேணும்னு போன்ல மூணு தடவ சொல்லி அவரும் சரி சரின்னார். ஏறிப் பாத்தா கீழ்த்தளத்துல ரூம். ஜன்னல் ஒரு முழம் உயரம், அதுவும் கூரைக்குப் பக்கத்துல, தண்ணி மட்டம் கண்ணுக்கு நேரா தெரியுது, திறக்க முடியாது. அதவிடப் பெரிய கஷ்டம், கப்பல்ல லிஃப்ட் இருந்துச்சு ஆனா அது கீழ்த்தளம் வரைக்கும் வராது, பல கப்பல்ல இப்படித்தான்னு அப்பறம்தான் தெரிஞ்சுச்சு. அம்மா தினம் எத்தன தடவ அந்த படி ஏறி இறங்கினாங்கன்னு நினைச்சா இப்பவும் எனக்கு மனசு ஆறல. கப்பல் ஃபுல்லு, மாத்த முடியல. மூணாவது நாள் என்னோட ரூம் நடு தளத்துல இருந்தத அவங்களுக்குக் கொடுத்துட்டு நான் கீழ போயிட்டேன், அத ஏறின அன்னிக்கே செஞ்சிருக்கணும். அதனால தளத்தோட பேரு, ரூம் நம்பர், லிஃப்ட் அந்த தளத்துக்கு வருமா, இந்த மூணையும் மெயில்ல எழுதி வாங்காம அட்வான்ஸ் கட்டாதீங்க. இன்னொன்னு, ரூமெல்லாம் ரெண்டு பேருக்குத்தான், மூணு பேரா போனா ஒருத்தருக்கு தனி ரூம் எடுக்கணும், அதுக்கு எக்ஸ்ட்ரா காசு, பட்ஜெட்ல முதல்லயே சேத்துக்கோங்க.

கப்பல் நிக்கற இடத்துல சில ஊர்ல ஒண்ணு பக்கத்துல ஒண்ணா ரெண்டு மூணு கப்பல ஒட்டிக் கட்டிடுவாங்க, கரைக்குப் போகணும்னா பக்கத்து கப்பலோட வரவேற்பு ஹால் வழியாத்தான் நடந்து போகணும், நடுவுல இருக்க பலகைல ஏத்த இறக்கம் இருக்கும். லியோன்லயும் அவிஞோன்லயும் எங்களுக்கு அப்படித்தான். காலைல திரைய விலக்கினா ரெண்டடி தூரத்துல இன்னொரு ஜன்னல்ல ஒரு ஆள் பல் தேச்சுட்டு நிப்பார். அதனால ராத்திரி திரைய மூடிட்டுப் படுங்க.

லியோன்ல அம்மாவுக்கு முதல்ல கண்ணுல பட்டது ரோன் கரையில இருக்க ஒத்தல் தியூங்கற நீளமான பழைய கட்டடம். நூத்துக்கணக்கான வருஷமா ஆஸ்பத்திரியா இருந்து 2010ல மூடி, இப்ப உள்ள ஹோட்டலும் கடைகளும். கைடு சொன்னதக் கேட்டுட்டு அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "இத்தன ஜன்னல் இருக்கே, எத்தன வார்டு இருந்திருக்கும்"னு மட்டும் கேட்டாங்க. பழைய லியோன்ல திராபூல்னு வீட்டுக்கு நடுவுலயே ஒரு தெருவுலேர்ந்து இன்னொரு தெருவுக்கு போற சந்து வழிங்க இருக்கு, பட்டு வியாபாரம் நடந்த ஊரு. மேல குரோவா ரூஸ் மேட்டுல நெசவாளர் இருந்த வீடுங்க, தறி உயரமா இருக்கும்ங்கறதால கூரையும் உயரமா கட்டிருக்காங்க. ஜக்கார்டுங்கற மனுஷன் இந்த ஊர்க்காரர்தான், 1804ல புதுத் தறி ஒண்ணக் கொண்டு வந்தவர். நம்மூரு பட்டுத் தறில தலைக்கு மேல வச்சிருப்பாங்களே ஜக்கார்டு பெட்டின்னு, அந்த ஜக்கார்டு இவருதான்னு சொன்னதும் அம்மா கட்டியிருந்த புடவை பார்டர ஒரு தடவ தடவிப் பாத்துக்கிட்டாங்க.

சோன் ஆத்துல பாலங்க தாழ்வு. கப்பல் போறப்ப மேல் தளத்துல நாற்காலி, கம்பி எல்லாத்தையும் மடக்கி, கேப்டன் இருக்க அறையையே கீழ இறக்கிடுவாங்க, நம்மள மேல விட மாட்டாங்க. மழைக்காலத்துல தண்ணி ஏறிட்டா பாலத்துக்கு அடியில நுழைய முடியாம கப்பல் நின்னுடும், அப்ப பஸ்ல ஏத்தி ஊரக் காட்டுவாங்க, காசு திரும்ப வர்றதெல்லாம் கஷ்டம், புக் பண்ற கண்டிஷன்ல அதெல்லாம் சின்ன எழுத்துல இருக்கு, படிச்சுடுங்க. எங்களுக்கு தண்ணி நல்லபடியா இருந்துச்சு.

ஷாலோன்லேர்ந்து பஸ்ல போன்ங்கற ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அன்னிக்கு ரெண்டு சாய்ஸ் கொடுத்தாங்க, ஒண்ணு ஒயின் சுவைக்கறது, இன்னொண்ணு ஒத்தல் தியூ, அதாவது ஏழைகளுக்குன்னு கட்டின ஆஸ்பத்திரி. அம்மாவுக்காக ஆஸ்பத்திரிதான்னு முடிவு பண்ணேன், இந்தப் பயணத்துலயே நான் செஞ்ச நல்ல முடிவு இதுன்னு சொல்வேன். 1443ல நிக்கோலா ரோலான்னு பர்கண்டி பிரபுவோட சான்சலரும் அவரு மனைவி கிகோன் தெ சாலானும் சேந்து கட்டினது. நூறு வருஷப் போர் அடிச்சு, பஞ்சம் வந்து, ஜனம் சோத்துக்கில்லாம இருந்த நேரம். வெளிய பாத்தா சாதாரண கல் சுவரு, முத்தத்துக்குள்ள போனா சிவப்பு, பச்சை, மஞ்சள், பழுப்புன்னு பளபளன்னு ஓடு வேய்ஞ்ச கூரை.

உள்ள 50 மீட்டர் நீளத்துக்கு ஒரே வார்டு, ரெண்டு பக்கமும் சுவர ஒட்டி மரக் கட்டிலு, சிவப்புத் திரை, கட்டில் ஒண்ணுக்கு அந்தக் காலத்துல ரெண்டு நோயாளி. வார்டோட கடைசியிலயே சர்ச் பலிபீடம், எந்திரிக்க முடியாதவங்க படுத்தபடியே பூசை பாக்கறதுக்கு. அம்மா சுத்தி இருந்த கூட்டத்த விட்டுட்டு ஒரு கட்டில் பக்கத்துல போய் நின்னாங்க. திரைய எந்தப் பக்கம் இழுத்து விடுறது, நோயாளிக்கும் சுவருக்கும் நடுவுல எவ்வளவு இடம், சிஸ்டர் எங்க நின்னு பாப்பாங்கன்னு கையால அளந்து அளந்து பாக்கறாங்க. "கட்டிலுக்குப் பின்னால நடக்க வழி விட்டிருக்காம்பாரு, பாத்ரூம் பாத்திரத்த முன்னாடி தூக்கிட்டுப் போக வேண்டாம், யாரோ நோயாளிய நினைச்சுக் கட்டிருக்கான்"ன்னாங்க. கைடு அதச் சொல்லவே இல்ல, நான் இங்கிலீஷ்ல கைடுகிட்ட சொன்னேன், அந்த அம்மா திரும்பி எங்க அம்மாவப் பாத்து நர்ஸான்னு கேட்டாங்க.

மருந்து அறைல பீங்கான் ஜாடி வரிசையா இருக்கு, அதுல ஒண்ணு எட்டிக்கொட்டைப் பொடி, இன்னொண்ணு மரவட்ட மாதிரி ஒரு பூச்சியப் பொடி பண்ணது. எட்டிக்கொட்டைன்னதும் அப்பா "அத இவனும் வச்சிருக்கானா"ன்னு ஆச்சரியப்பட்டார். 1971 வரைக்கும் இங்க நோயாளிங்க இருந்திருக்காங்க. அப்பறம் அப்பாவ உக்கார வச்ச விஷயம், அந்த ஆஸ்பத்திரிக்கு சொந்தமா 60 ஹெக்டேர் கிட்ட திராட்சைத் தோட்டம் இருக்கு, பல நூறு வருஷமா ஜனங்க எழுதி வச்சுட்டுப் போனது, அதுல வர்ற ஒயின 1859லேர்ந்து வருஷா வருஷம் நவம்பர்ல ஏலம் விட்டு அந்தக் காசு ஆஸ்பத்திரிக்குப் போகுது. நம்மூர்ல கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பாங்கல்ல, அது மாதிரி. ராத்திரி சாப்பிடறப்ப ரெண்டு பேரும் அதையே பேசிட்டு இருந்தாங்க.

சாப்பாடு பத்தி சொல்லணும். புரட்டாசி முடியல, அம்மா கவுச்சி தொட மாட்டாங்க. வெஜிடேரியன்னு புக்கிங்லயே போட்டிருந்தும் முத நாள் ராத்திரி தட்டுல மீன் வந்துச்சு, அங்க பல பேருக்கு மீன் வேற கணக்கு. அதனால கறி, மீன், முட்டை, கறில எடுத்த சாறு எதுவும் வேணாம்னு ஒரு சீட்டுல எழுதி சமையல் ஆள்கிட்டயே கொடுங்க, நான் அடுத்த நாள் அதத்தான் பண்ணேன். அதுக்கப்பறம் புய்னு ஒரு ஊரு பச்சைப் பருப்பு, அந்தப் பக்கத்துல பேர் போனது, அத வேகவச்சு தினம் ஒரு கிண்ணம் தனியா வச்சாங்க. அம்மா அதுல நாங்க கொண்டு போன பூண்டுப் பொடியப் போட்டு பிசைஞ்சு பிரட்டோட சாப்பிட்டாங்க. பரிமாறின பையன் ரெண்டாவது நாள்லேர்ந்து அந்தப் பொடி டப்பாவ அவனே எடுத்து வச்சு, சாப்பாட்டு நேரத்துக்கு மேசைல ரெடியா வச்சுடுவான். பொடி, ஊறுகா கொண்டு போலாம், ஆனா நெய், பால்கோவா வேண்டாம், வெளிநாட்டுலேர்ந்து பால் பொருளும் கறியும் உள்ள கொண்டு வரக்கூடாதுன்னு ஐரோப்பால சட்டம்.

லியோன் திரும்பி ரோன்ல இறங்கினதும் லாக் ஆரம்பிச்சுது. லியோன்லேர்ந்து ஆர்லுக்குள்ள 12 லாக். ஆத்துல அணை கட்டி தண்ணிய நிறுத்தி, கரண்ட் எடுத்து, பக்கத்துல கப்பல் இறங்க ஒரு பெரிய தொட்டி மாதிரி கட்டியிருக்காங்க, கப்பல் உள்ள போனதும் பின்னால கதவு மூடி தண்ணிய வெளிய விட விட கப்பல் இறங்கும். லாக் அகலம் 12 மீட்டர், கப்பல் 11 மீட்டர் சொச்சம், ரெண்டு பக்கமும் ஒரு சாண் ரெண்டு சாண்தான் இடைவெளி. இந்த அணைங்க, கால்வாய் எல்லாம் 1933ல தொடங்கின ஒரு ரோன் கம்பெனி பாத்துக்குது, கரண்ட், கப்பல் போக்குவரத்து, வயலுக்குப் பாசனம் மூணும் அதோட பொறுப்பு.

போலென்ங்கற இடத்துல இருக்க லாக் 23 மீட்டர் ஆழம், ஏழு மாடி உயரம்னு வச்சுக்கோங்க. நாங்க போனப்ப ராத்திரி பதினோரு மணி. அப்பா மாலைலயே கேட்டு வச்சுக்கிட்டு ஸ்வெட்டர், குல்லாவோட மேல வந்து நின்னுட்டார். முதல்ல கரைல இருக்க விளக்கு நம்ம கண்ணுக்கு நேரா இருக்கு, அப்பறம் மெதுவா மேல போகுது, சுவரு ஈரமா, பாசி பிடிச்சு, தண்ணி ஒழுகி ஒழுகி மின்னுது, ஒரு சத்தம் கிடையாது, கயித்தக் கட்டின இரும்புக் குமிழும் நம்மளோடயே கீழ இறங்குது. கடைசில மேல பாத்தா வானம் ஒரு நீளக் கோடா தெரியுது. முன்னாடி கதவு ராட்சசன் மாதிரி மேல தூக்குது. எங்க வீட்டு ஹால்ல பென்னிகுவிக் படம் மாட்டியிருக்கு, பெரியாறு தண்ணியில வளந்த குடும்பம் நாங்க, அப்பாவுக்கு தண்ணியக் கட்டி நிறுத்தி இறக்கறதுன்னா என்னன்னு யாரும் சொல்ல வேண்டியதில்ல. "தண்ணிய இம்புட்டு மரியாதையா இறக்குறான்த்தா"ன்னு மட்டும் சொன்னார். அன்னிக்கு ஊர் சுத்தின களைப்புல நிறைய பேர் தூங்கிட்டாங்க. நீங்க தூங்கிடாதீங்க, போலென் லாக் எத்தன மணிக்குன்னு ரிசப்ஷன்ல கேட்டு வச்சுக்கோங்க.

அதுக்கு முன்னாடி நாள் 'தான் லெர்மிதாஜ்'ங்கற ஊருக்குப் போனோம். ஆத்துக்கு இந்தப் பக்கம் அந்த ஊரு, அந்தப் பக்கம் தூர்னோன்ங்கற ஊரு, நடுவுல நடந்து போற தொங்கு பாலம். ஊருக்குப் பின்னால செங்குத்தா ஒரு குன்று, உச்சியில சின்னதா ஒரு சேப்பல், குன்று பூராம் கல்லு வச்சு படி படியா கட்டி திராட்சை. மொத்தமே 130 ஹெக்டேர் சொச்சம்தான், பெரும்பாலும் சிரா ரகம், உலகத்துல விலை ஒசந்த ஒயின்ல இதுவும் ஒண்ணு. அம்மா கீழ சாக்லேட் கடைல உக்காந்துட்டாங்க, வல்ரோனா சாக்லேட் 1922லேர்ந்து இந்த ஊர்லதான் செய்றாங்க. நானும் அப்பாவும் கைடோட மேல ஏறினோம்.

அப்பா கேட்ட முதல் கேள்வி "பந்தல் எங்க?" எங்க ஊர்ல கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல பந்தல்ல கொடிய ஏத்தி விடுவோம், குலை தலைக்கு மேல தொங்கும். இங்க ஒவ்வொரு கொடியும் இடுப்பு உயரத்துல ஒத்தக் குச்சில கட்டி நிக்குது. அறுவடை முடிஞ்சு போயிருந்துச்சு, இலை மஞ்சளும் சிவப்புமா. இதையும் சொல்லிடுறேன், அறுப்பு பாக்கணும்னா ஆகஸ்ட் கடைசிலேர்ந்து செப்டம்பருக்குள்ள போங்க, அக்டோபர்ல கலர் அழகா இருக்கும், ஆனா குலை இருக்காது, அப்பாவுக்கு அதுல ஒரு வருத்தம்தான். எங்க ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ கவாத்து பண்ணி காய்ப்பு எடுக்கறோம்னு நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தக் கைடு நம்பவே இல்ல, அங்க குளிர்ல கொடி தூங்கிடும், வருஷத்துக்கு ஒரே அறுப்பு.

அப்பறம் ஒரு சுவரோரமா இலையிலயும் கல்லுலயும் நீலமா தெளிச்ச கறை இருந்துச்சு. அப்பா குனிஞ்சு விரலால தொட்டு, கட்டை விரலால தேச்சுப் பாத்து "மயில்துத்தம்"ன்னார். நான் கைடுகிட்ட கேக்கறதுக்குள்ள அவர் "பூயி போர்தலேஸ்"ன்னு சொல்ல, அப்பா நிமிந்து "போர்டோவா? போர்டோ கலவையா?"ன்னார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கறது, கம்பத்துல எந்த உரக்கடைல கேட்டாலும் போர்டோ கலவைன்னுதான் சொல்லுவான், 1880கள்ல பிரான்ஸ்ல போர்டோ பக்கம் கண்டுபிடிச்சது. அப்பறம் எனக்கு அங்க வேலையே இல்ல, ரெண்டு பேரும் கையால பேசிக்கிட்டாங்க. எத்தன விரல் துத்தம், எத்தன விரல் சுண்ணாம்பு, மழைக்கு முன்னாடியா பின்னாடியா, எல்லாம் சைகைல. வரிசைக்கு முன்னாடி ஒவ்வொரு ரோஜாச் செடி நட்டு வச்சிருந்தாங்க, சாம்பல் நோய் முதல்ல ரோஜால தெரியும், அதப் பாத்து தோட்டத்த காப்பாத்திக்கலாம்ங்கறது பழைய வழக்கமாம். ஊருக்கு வந்த மறு வாரமே அப்பா பந்தல் ஓரத்துல ரெண்டு ரோஜா நட்டுட்டார்.

குடிக்காதவங்க கேட்டதுக்கு பதில் இதுதான். ஒயின் சுவைக்கற இடத்துல யாரும் யாரையும் வற்புறுத்தல. முன்னாடியே சொல்லிட்டா திராட்சை ஜூஸ் கொடுக்கறாங்க, வாய்ல வச்சுட்டுத் துப்பறதுக்கு பாத்திரம் வச்சிருக்காங்க, அங்க அது மரியாதைக் குறைவு கிடையாது, தொழில்ல இருக்கவங்களே அப்படித்தான் பண்றாங்க. அப்பா குடிக்கல, கிளாஸ சுத்தி மோந்து மட்டும் பாத்தார், ஒண்ணுல மிளகு வாசம்னார், கைடு அத எல்லாருக்கும் சொன்னார், சிராவுக்கு மிளகு வாசம்னுதான் புகழாம். யாருக்காவது வாங்கிட்டு வரணும்னா ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் இந்தியாவுக்குள்ள வரி இல்லாம கொண்டு வரலாம், செக்-இன் பெட்டில துணி சுத்தி வச்சுடுங்க.

விவியே சின்ன ஊரு, அழகான ஊரு, ஆனா தெரு பூராம் உருண்டைக் கல்லு பதிச்சு ஏத்தமா போகுது. அம்மாவால முடியல. ஒவ்வொரு ஊர்லயும் மெதுவா நடக்கறவங்களுக்குன்னு தனி குரூப் இருக்கு, வெக்கப்படாம அதுல பேர் கொடுங்க, அவங்க ஏத்தத்த விட்டுட்டு நிழல்ல நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாங்க. செருப்பு கூடவே கூடாது, அடி தடிச்ச ஷூ, அம்மா புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூதான் போட்டாங்க. மடக்கற கைத்தடி ஒண்ணும் வாங்கிட்டுப் போங்க.

அவிஞோன்ல இறங்கினப்ப மிஸ்ட்ரால் காத்து. வடக்கேர்ந்து பள்ளத்தாக்கு வழியா வர்ற காத்து, வெயில் அடிக்குது, வானத்துல ஒரு மேகம் கிடையாது, ஆனா நடக்க முடியல. குடை உபயோகமே இல்ல, காத மூடற குல்லாதான். 1309லேர்ந்து 1377 வரைக்கும் போப்புங்க ரோமுல இல்லாம இங்க இருந்தாங்க, ஏழு போப். அந்த மாளிகை கோட்டை மாதிரி ஒசரம், உள்ள படி நிறைய, முட்டி வலிக்காரங்களுக்கு வேண்டாம்னே சொல்வேன், வெளி மைதானத்துல நின்னு பாத்தாலே போதும். பிரெஞ்சுக் குழந்தைங்க பாட்டுல வர்ற அவிஞோன் பாலம் 22 வளைவுல கட்டினது, ஆத்து வெள்ளம் திரும்பத் திரும்ப அடிச்சு இப்ப நாலுதான் நிக்குது, நடு ஆத்துல அப்படியே நின்னுடுது. அத கப்பல் மேல் தளத்துலேர்ந்தே பாக்கலாம்.

மத்தியானம் ஷாத்தோநெஃப் து பாப். பேருக்கு அர்த்தம் போப்போட புதுக்கோட்டை, போப்புங்க கோடைக்குத் தங்க கட்டினது, 1944ல ஜெர்மன் படை வெடி வச்சதுல இப்ப பாதிச் சுவருதான் மிச்சம். அதச் சுத்தி திராட்சை. அப்பா பஸ்ஸ விட்டு இறங்கி நின்னவர் நின்னபடியே இருந்தார். மண்ணே தெரியல. தேங்கா சைஸ்லேர்ந்து முட்டை சைஸ் வரைக்கும் மழமழன்னு உருண்டைக் கல்லு, முழுக்க கல்லு, ஆல்ப்ஸ் மலைலேர்ந்து ரோன் ஆறு ஒரு காலத்துல உருட்டிட்டு வந்து போட்டுட்டுப் போனது. அதுக்கு நடுவுல குச்சி கூட இல்லாம, குட்டையா, கை விரிச்ச மாதிரி கிளை விட்டு பழைய கொடிங்க. நாங்க நின்ன தோட்டத்துல சொட்டு நீர்க் குழாய் எதுவும் இல்ல. அப்பா முட்டி போட்டு ஒரு கல்லத் தூக்கி கன்னத்துல வச்சுப் பாத்தார், சூடா இருந்துச்சு, அந்தக் காத்துலயும். அந்த இடத்துல மண்ணத் தொட்டார், ஈரம். "மேல சூடு, கீழ ஈரம். இவன் மூடாக்கே கல்லுல போட்டிருக்கான்"னு சொன்னார், ஈரம் காயாம இருக்க மண்ணு மேல இலை தழை பரப்புவோமே, அதான் மூடாக்கு. பகல்ல வாங்கின சூட்ட ராத்திரி கொடிக்குக் கொடுக்கும்னு கைடு சொன்னது அப்பறம்தான். ஹெக்டேருக்கு 3500 லிட்டருக்கு மேல ஒயின் எடுக்கக் கூடாதுன்னு அந்த ஊருக்கு விதி இருக்கு, நம்ம கணக்குல ஏக்கருக்கு 1400 லிட்டர். அப்பா மனசுக்குள்ளயே கிலோவா மாத்திப் பாத்து, நம்ம விளைச்சல்ல கால்வாசி கூட வராதேன்னார், அப்பறம் விலையக் கேட்டுட்டு ரொம்ப நேரம் அமைதியா இருந்தார். கம்பத்துல மழை பேஞ்சு வெடிச்சுப் போன குலைய கிலோ என்ன விலைக்குத் தள்ளி விட்டார்னு எனக்குத் தெரியும், நானும் ஒண்ணும் பேசல.

பக்கத்துல ரோக்மோர்ங்கற ஊர்லதான் 1860கள்ல வேர்ப்பூச்சி முதல்ல தெரிஞ்சு அப்பறம் பிரான்ஸ் தோட்டங்களையே அழிச்சுது. அமெரிக்கக் கொடி வேர்ல இவங்க ரகத்த ஒட்டுக் கட்டித்தான் திரும்ப எழுந்தாங்க. நாம டாக்ரிட்ஜ்ல ஒட்டுக் கட்டற மாதிரியான்னு அப்பா கேட்டார், அதே கதைதான், டாக்ரிட்ஜும் அமெரிக்க வேர்தான்.

ஆர்ல் கடைசி ஊரு. ரோமன் அரங்கத்த வெளிலேர்ந்து பாத்துட்டு, அம்மாவ வான்கோ சேத்திருந்த பழைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். 1888 டிசம்பர்ல காத வெட்டிக்கிட்டு அங்கதான் படுத்திருந்தார், அந்த முத்தத்துத் தோட்டத்த அவரே வரைஞ்சிருக்கார், இப்ப படத்துல இருக்க மாதிரியே செடி வச்சிருக்காங்க. படி கிடையாது, பெஞ்சு இருக்கு, காசு வாங்கல. அம்மா அரை மணி நேரம் உக்காந்திருந்தாங்க. "வார்டுலேர்ந்து பாத்தா பூ தெரியணும், எங்க ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் ரூம்தான் தெரியும்"னாங்க.

இறங்கற நாளுக்கு ஒண்ணு. பெட்டிய காலைல சீக்கிரமே ரூமுக்கு வெளிய வைக்கச் சொல்லுவாங்க, மாத்திரையும் பாஸ்போர்ட்டும் கைப்பைல இருக்கான்னு ராத்திரியே பாத்துடுங்க. டிப்ஸ் ஒரு நாளைக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு ஒரு அளவு சொல்லுவாங்க, அதுக்கு யூரோ நோட்டா எடுத்து வச்சுக்கோங்க. அம்மா டிப்ஸ் கவரோட மிச்சம் இருந்த பூண்டுப் பொடி டப்பாவையும் அந்தப் பையன்கிட்ட கொடுத்துட்டாங்க. டிஜிவிங்கற அதிவேக ட்ரெயின் நிக்கற அவிஞோன் டிஜிவி ஸ்டேஷன் ஊருக்கு வெளிய இருக்கு, ஊருக்குள்ள இருக்க ஸ்டேஷனோட குழப்பிக்காதீங்க. பாரிஸ் ஏர்போர்ட்டுக்கே நேரா போற ட்ரெயினும் சிலது இருக்கு, அத எடுத்தா பாரிஸ்ல ஸ்டேஷன் மாறி பெட்டி தூக்க வேண்டாம்.

ட்ரெயின் கிளம்பின கொஞ்ச நேரத்துலயே பாலத்துல ரோன் ஆத்தத் தாண்டுது. அப்பா ஜன்னல் பக்கம். கீழ ஒரு வெள்ளக் கப்பல் தெக்கால போய்க்கிட்டு இருந்துச்சு, அம்மாவ எழுப்பிக் காட்றதுக்குள்ள பாலம் முடிஞ்சுடுச்சு. "இரு, திரும்ப ஆறு வரும்"னு சொல்லிட்டு அப்பா கண்ணாடில நெத்திய வச்சுக்கிட்டார்.